டாக்டர் நாகமணியின் டிபெண்டன்ட்

டாலஸை ஒட்டிய காப்பெலில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் காலை பத்து மணிக்கு மேல் ஆம்பிளை என்று பார்த்தால் சுப்பையன் ஒருவர்தான். மற்ற வீட்டு ஆண்கள் எல்லாரும் டெலிகாம் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மனைவிமார் வீட்டில் இருப்பார்கள். எல்லாருக்கும் எச்-ஃபோர் என்ற டிபெண்டன்ட் விசா. புருஷன் பேரைச் சொல்லி நாட்டுக்குள் வரலாம், ஆனால் சம்பளத்துக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. சுப்பையனுக்கும் அதே விசாதான். அவர் பெண்டாட்டி பேரைச் சொல்லி வந்தவர்.

அந்தப் பெண்டாட்டி டாக்டர் நாகமணி. அணுக்கரு விஞ்ஞானி, பிரெஞ்சுப் பிரஜை. 1991-ல் டெக்ஸஸுக்கு வந்தார்கள். டாலஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சி என்ற ஊரில் பருத்திக் காட்டுக்கு அடியில் ஒரு பிரம்மாண்டமான வளையச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அணுவின் உள்துகள்களை அதில் சுற்றவிட்டு, ஒன்றோடொன்று மோதவிட்டு, என்ன தெறிக்கிறது என்று பார்க்கிற வேலை. தெறிப்பதைப் பிடிக்கும் கருவியைக் கட்டுவதற்காகத்தான் நாகமணியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஷ்யாமளாவுக்கு இதெல்லாம் முதலில் தெரியாது. மயிலாப்பூரிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் தபால் பெட்டி அருகே சுப்பையன் போனில் பேசுவதுபோலத் தனக்குத்தானே தமிழில் முணுமுணுப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனாள்.

"அங்கிள், நீங்க தமிழா? பெட்டியில பேரைப் பார்த்துட்டு நான் சைனீஸ்னு நெனச்சேன். சூப்னு ஆரம்பிக்குதே!"

சுப்பையன் சிரித்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் எழுத்துக்கூட்டினால் சுப்பையன் சூப்பாகத்தான் ஆவார். "காரைக்கால்ம்மா நாங்க. ரெண்டு பேருமே. அங்கேருந்து பாரீஸ், பாரீஸ்லேருந்து இங்க."

"அப்ப ஆன்ட்டி என்ன பண்றாங்க?"

அந்தக் கேள்விக்குச் சுப்பையன் ஒரு பதில் வைத்திருந்தார். பிரான்ஸில் தன் தபால் ஆபீஸ் சகாக்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். "அணுவுக்குள்ள ஒரு கரு இருக்குல்ல, அது உருண்டையா முட்டையான்னு பதினைஞ்சு வருஷம் பார்த்தா. சிலது உருண்டை, சிலது முட்டைன்னு கண்டுபிடிச்சா. இப்ப வேற ஏதோ பார்க்கறா."

பதில் விளையாட்டாக இருந்தாலும் பொய் இல்லை. நாகமணி ஒரு சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் அப்பா சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார். எந்த நாடு வேண்டும் என்று சர்க்கார் கேட்டபோது குடும்பத்தோடு பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். நாகமணி புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பதினெட்டு வயதில் பாரீஸுக்குக் கப்பல் ஏறினாள். பாரீஸை ஒட்டிய ஓர்சேயில் படிப்பு. கணக்குப் போட்டால் வகுப்பில் முதலாவது; வாயைத் திறந்தால் காரைக்கால் பிரெஞ்சு. பையன்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினாளாம்.

கல்யாணம் பெரியவர்கள் பேசி வைத்தது. சுப்பையன் அப்போது பாரீஸ் புறநகரில் தபால் இலாகாவின் மஞ்சள் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவரிடம் நாகமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என் வேலைக்கு ஊர் மாறிக்கிட்டே இருக்கணும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

"வண்டி ஓட்டறவனுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்றார் சுப்பையன். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. வேறு என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அதன்பிறகு ஸ்ட்ராஸ்பூர், கிரெனோபிள், ஜெனீவாப் பக்கம் என்று ஊர்கள் மாறின. ஒவ்வொரு தடவையும் அவர் தபால் இலாகாவில் மாற்றலுக்கு எழுதிப்போடுவார், பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றுவார், புது ஊரில் மீன் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார். குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி, அழுது, ஓய்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

கிரெனோபிளில்தான் நாகமணிக்குப் பெயர் கிடைத்தது. காமாக் கதிர் பட்டால் மினுங்குகிற படிகங்கள் உண்டு. அவற்றை நூற்றுக்கணக்கில் நெருக்கமாக அடுக்கி, ஒரு பெரிய பந்தாக்கி, நடுவில் கரு உடைந்தால் எந்தத் திசையில் எவ்வளவு வெளிச்சம் என்று அளக்கும் கருவி ஒன்றைக் கட்டினாள். வெட்டிப் பார்த்தால் மாதுளம்பழம் போலவே இருக்கும். அதனால் பிரெஞ்சில் மாதுளை என்றே பெயர் வைத்தார்கள். மாதுளைக்குப் பிரெஞ்சில் கிரெனாட்.

இந்தப் பெயரால் டாலஸ் விமான நிலையத்தில் ஒரு கூத்து நடந்தது. பெட்டியைத் திறந்த அதிகாரி பஞ்சில் பொதிந்த கண்ணாடிக் கட்டிகளைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். இருபது மணி நேரம் பயணம் செய்த களைப்பில் நாகமணி உண்மையைச் சொல்லிவிட்டாள்: "என் கிரெனேடின் பாகங்கள்." அந்த நிமிஷமே நான்கு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒருவர் வந்து பழத்துக்கும் வெடிகுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும்வரை இருவரும் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நாகமணிக்கு அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. சுப்பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெளியே வந்து டாக்சியில் ஏறியதும் அவளுக்கும் பிடித்துக்கொண்டது. ஹோட்டல் போய்ச் சேரும்வரை சிரித்தார்கள்.

வந்த ஒரு மாதத்தில் சுப்பையன் ஒரு பழைய டொயோட்டா வாங்கினார். நாகமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது; கற்றுக்கொள்ளவேண்டிய அவசியமும் வந்ததில்லை. தினம் காலையில் அவளை வாக்ஸஹாச்சியில் விட்டுவிட்டுக் காலிக் காரோடு திரும்புவார். மாலையில் போய் அழைத்துவருவார். நடுவில் நீளமான ஒரு பகல். வெளியே வெயில் கொளுத்தும். டிவியில் நீதிமன்ற நாடகம் ஓடும். முதல் சில வாரங்கள் அவர் வீட்டில் இருந்த எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார்.

ஒரு நாள் ஷ்யாமளா வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அங்கிள், எனக்கு டிரைவிங் சொல்லிக் குடுப்பீங்களா? சிவா கூடக் கத்துக்கப் போனேன். ஸ்டாப் சைன்ல நிக்கலேன்னு கத்தறார். பால் வாங்கணும்னாக்கூட அவர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். பைத்தியம் புடிச்சிடும்போல இருக்கு."

சிவா என்பது அவள் கணவன் சிவராமகிருஷ்ணன். நல்ல பையன்தான், கார் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான்.

சுப்பையன் அவளைக் காலியாக இருந்த சர்ச் பார்க்கிங்குக்கு அழைத்துப்போனார். வண்டியை நகர்த்து என்று அவர் சொல்லவில்லை. இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். "இது எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்னு உன் உடம்புக்குத் தெரியணும்மா. மத்ததெல்லாம் தானா வரும்." ஷ்யாமளா சுற்றினாள். பிறகு மெதுவாக ஓட்டினாள். பிரேக்கை மிதித்ததில் சுப்பையனின் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு, நல்லது. இப்ப ஓடுதான்னு பார்ப்போம்" என்றார்.

இரண்டு மாதத்தில் ஷ்யாமளா லைசென்ஸ் வாங்கினாள். செய்தி பரவியது. அடுத்து கோயம்புத்தூர் சாந்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒருத்தி, பிறகு ஒரு தெலுங்குப் பெண். டிபெண்டன்ட் என்பதால் அவர் காசு வாங்க முடியாது. ஆகவே டப்பாக்கள் வந்தன: வத்தக்குழம்பு, பருப்புப் பொடி, கோங்குரா. நாகமணி மாலையில் பிரிட்ஜைத் திறந்து பார்த்து, "இன்னிக்கு யாரு ரிவர்ஸ் எடுத்தது?" என்று கேட்பாள்.

அவளுக்கும் அவை நல்ல வருஷங்கள். சுரங்கம் மைல் மைலாக நீண்டது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட்டாள். திரும்பிவரும் வழியில் காரில் காலை நீட்டிக்கொண்டு அன்றைய சண்டையைச் சொல்வாள். சுப்பையனுக்குப் பாதி புரியாது. குரலில் இருந்த சந்தோஷம் மட்டும் முழுக்கப் புரியும்.

1993 அக்டோபரில் வாஷிங்டனில் ஓட்டெடுத்து வளையத்தை நிறுத்திவிட்டார்கள். செலவு எகிறிக்கொண்டே போகிறது, போதும் என்று முடிவு. தோண்டிய சுரங்கத்தை மூடிவிடச் சொன்னார்கள்.

அன்று மாலை சுப்பையன் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியே நின்றார்கள், சிலர் அழுதார்கள். நாகமணி அழவில்லை. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "கொத்தமல்லி வாங்கணும்னு சொன்னீங்களே, கடைக்குப் போயிட்டுப் போலாம்" என்றாள். கடையில் கொத்தமல்லிக் கட்டை கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். சுப்பையன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள்.

உடனே யாரையும் அனுப்பிவிடவில்லை. இருக்கிற கருவிகளைக் கணக்கெடுத்துக் கட்டி அனுப்பவே பல மாதம் ஆகும் என்று நாகமணியை வைத்துக்கொண்டார்கள். பிறக்காமலே போன ஒன்றுக்குத் தானே பெட்டி கட்டும் வேலை. தினம் போனாள், வந்தாள். காரில் பேச்சு நின்றுபோயிற்று.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரெனோபிளிலிருந்து போன் வந்தது. ஜெரார் என்ற பழைய சகா, அங்கே இப்போதைய டைரக்டர். நாகமணி வெகு நேரம் பிரெஞ்சில் பேசிவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். சுப்பையன் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என் பழைய லேபுக்கே டைரக்டரா வரச் சொல்றாங்க. ஜனவரி கடைசியில கிளம்பிடலாம். அலோர், அப்ப அபார்ட்மெண்டுக்கு நோட்டீஸ் குடுத்துடுங்க."

சுப்பையன் அடுப்பை அணைத்தார்.

"நான் வரலை மணி."

"என்ன?"

"வரலைன்னேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

விளையாட்டு என்று நினைத்து அவள் சிரிக்கத் தயாரானாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இங்க என்ன இருக்கு உங்களுக்கு? வேலைக்குக்கூடப் போக முடியாது."

"சாந்திக்கு அடுத்த வாரம் மறுபடியும் டெஸ்ட் இருக்கு."

"நான் சீரியஸா பேசறேன்."

"நானும் சீரியஸாத்தான் பேசறேன்." அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இருபது வருஷம் வேன் ஓட்டினேன். பெட்டியில லெட்டரைப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். யாரு மூஞ்சியும் பார்த்ததில்லை. இங்க ஒரு பொண்ணு முதல் தடவை ஃப்ரீவேல நுழைஞ்சுட்டு, 'அங்கிள், பண்ணிட்டேன்'னு கத்தும் பாரு..."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஸ்ட்ராஸ்பூர்ல. ஜெனீவாவுல."

"அங்கெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை மணி. நீ போலாம்னே, நானும் போலாம்னேன். நீயும் கேக்கலை."

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே கேட்டேனே!"

"ஆமா, ஒரு தடவை கேட்டே. இருபத்து மூணு வருஷத்துக்கு அது போதுமா?"

நாகமணி உள்ளே போய்விட்டாள். அன்று ரசத்தை இருவருமே தொடவில்லை.

அடுத்த சில நாட்கள் வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிரப் பேச்சில்லை. சுப்பையனுக்குத் தான் சொன்னதை நினைத்தாலே பயமாக இருந்தது. சொல்லியிருக்கக் கூடாது என்று காலையில் தோன்றும். சாந்தி டெஸ்டில் பாஸாகி லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, சொன்னது சரிதான் என்று தோன்றும். டிசம்பரில் நாகமணி, "ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று தனியாக விமானம் ஏறினாள்.

அவள் இல்லாத வீட்டில் சுப்பையன் நிறைய யோசித்தார். ஷ்யாமளா கொண்டுவந்த சாம்பாரைச் சூடு பண்ணாமல் சாப்பிட்டார். காரைக்காலை விட்டுத் தனியாகக் கப்பல் ஏறிய அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணை நினைத்துக்கொண்டார். அவள் இவ்வளவு தூரம் வந்தது தன்னுடைய நாலு டிரைவிங் பாடத்துக்காகத் திரும்பி நிற்கவா? அவளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போகும்போது முடிவு செய்துவிட்டார். போகலாம் என்று சொல்லிவிட வேண்டியது.

காரில் உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் நாகமணி ஆரம்பித்தாள்.

"மாதுளையைப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கு. சின்னப் பசங்க அதுல வேலை பார்க்கறாங்க. ஜெரார்கிட்ட, நீ படிகத்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டேன். யோசிச்சுப் பார்த்தான். ஞாபகமே இல்லை. டைரக்டர்னா மீட்டிங்குதான். காலையில மீட்டிங், மத்தியானம் மீட்டிங், மந்திரி ஆபீஸுக்கு ஓடறது. எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

சுப்பையன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நான் வரேன்னு சொல்லத்தான் வந்தேன் மணி. சத்தியமா."

"தெரியும். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நீங்க வரலைன்னு சொன்னது நல்லதாப் போச்சு. இல்லேன்னா யோசிக்காமலே போயிருப்பேன். போயி, மூணு மாசத்துல அழுதிருப்பேன்."

"அப்ப என்ன பண்ணப்போறே?"

"அது தெரியலை. வீட்டுக்கு விடுங்க, பசிக்குது."

தெரியாமலே குளிர்காலம் கழிந்தது. வளையத்தில் இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் சான் ஹோசேக்குக் கம்ப்யூட்டர் சிப் செய்யப் போனார்கள். இரண்டு பேர் நியூயார்க் வங்கிகளுக்குப் பங்குச் சந்தைக் கணக்குப் போடப் போய், நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கிவிட்டதாகப் போன் செய்தார்கள். நாகமணிக்கும் அந்த வேலைக்கு அழைப்பு வந்தது. "துட்டு உருண்டையா முட்டையான்னு பார்க்கணுமா?" என்று சுப்பையனிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மார்ச்சில் டாலஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஹாரிஸ் என்ற பெண்மணி, நாகமணியின் மாதுளையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை நோயாளிக்கு ஊசியில் ஏற்றுவார்களாம். கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே அந்தச் சர்க்கரை போய்ச் சேரும், அங்கிருந்து காமாக் கதிர் வரும். நோயாளியைச் சுற்றி ஒரு வளையம் நிறையப் படிகங்கள் இருந்து அதைப் பிடிக்கும். மெஷின் புதிது, படங்கள் கலங்கலாக வருகின்றன, வந்து பார்க்க முடியுமா?

சுப்பையன்தான் கூட்டிக்கொண்டு போனார். நாகமணி மெஷினின் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாக, நெருக்கமாக, அதே படிகங்கள். ஓரத்தில் நின்ற சுப்பையனைத் திரும்பிப் பார்த்து, "இங்க வாங்களேன், இதைப் பாருங்களேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு இனி இந்த ஊரை விட்டுப் போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

நாகமணி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆரம்பம் லேசாக இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு என்று தனிப் பரீட்சைகள் இருந்தன. நாற்பத்தெட்டு வயதில் மண்ணீரல் எந்தப் பக்கம், கணையம் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்தாள். கிரெனோபிளில் அவள் பெயரில் கட்டுரைகள் இருந்தன. இங்கே பாதி வயதுள்ள ஒரு டாக்டர் அவளை டெக்னீஷியன் என்று நினைத்துக் காபி இயந்திரத்தைச் சரிபண்ணச் சொன்னான். அவள் சரிபண்ணிக் கொடுத்துவிட்டாள். "அதுவும் உடைஞ்சுதானே இருந்தது" என்று வீட்டில் வந்து சொன்னாள்.

இன்னொரு சங்கடம், கார். சுப்பையனுக்குப் பகல் முழுக்க மாணவிகள். ஆஸ்பத்திரியில் எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. நாகமணி ஓட்டக் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்றாயிற்று. சுப்பையன் ஆசையோடு ஆரம்பித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான மாணவியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு சிக்னலுக்கும் முன்னால் அவள் வேகத்தையும் தூரத்தையும் வைத்து மனக்கணக்குப் போடுவாள். கணக்கு முடிவதற்குள் சிக்னல் மாறிவிடும்.

"காலால யோசி மணி, தலையால யோசிக்காதே!"

"கால் எப்படிங்க யோசிக்கும்? பேத்தாதீங்க!"

மூன்றாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பின்னால் ஹாரன் சத்தம். சுப்பையன் அன்றுதான் சிவராமகிருஷ்ணனை முழுக்க மன்னித்தார். கடைசியில் ஷ்யாமளாதான் வந்து கைகொடுத்தாள்.

"அங்கிள், நீங்க வீட்டுக்குள்ள போங்க. ஆன்ட்டியை நான் பார்த்துக்கறேன்."

இரண்டு தடவை டெஸ்டில் தோற்று, மூன்றாவது தடவை நாகமணி லைசென்ஸ் வாங்கினாள். வலது பக்க லேனை விட்டு அசையவே மாட்டாள். ஆனாலும் போனாள், வந்தாள்.

ஒரு நாள் வழக்கத்தை விட முன்னதாகவே வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தாள். அன்று ஸ்கேனுக்கு ஒரு கிழவர் வந்திருந்தாராம். வாக்ஸஹாச்சிப் பருத்தி விவசாயி. வளையத்துக்காகச் சர்க்கார் வாங்கிய நிலத்தில் அவருடையதும் ஒன்று. மெஷினைப் பார்த்துப் பயந்து உள்ளே படுக்க மாட்டேன் என்றிருக்கிறார். நர்ஸ் நாகமணியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் போய், உங்க நிலத்துக்கு அடியிலதான் நான் வேலை பார்க்கறதா இருந்துச்சுன்னு சொன்னேன். அப்படியே பார்த்தாரு. 'ஓ, அந்தக் கூட்டத்து ஆளா நீ? எங்க பாட்டன் நட்ட பெக்கான் மரத்தை வெட்டிட்டீங்களே'ன்னாரு. நான் மன்னிச்சுக்கங்கன்னேன். பிறகு அந்தக் குழியில என்ன பண்றதா இருந்தீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். முழுக்க சொன்னேங்க, துகள், மோதல், எல்லாம். நடுவுல ஒரு கேள்விகூட கேட்டாரு, நல்ல கேள்வி. அப்புறம் இந்த மெஷின்ல இருக்கறதும் அதே மாதிரி படிகம்தான், அது உங்களைத் தொடாது, சும்மா பார்க்கும், அவ்ளோதான்னேன். சரின்னு படுத்துட்டாரு."

"படம் எப்படி வந்துச்சு?"

"தெளிவா வந்துச்சு. சின்னக் கட்டிதான், வெட்டி எடுத்துடலாம்னு ஹாரிஸ் சொன்னா." நாகமணி அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். "இருபத்தஞ்சு வருஷமா கருவுலேருந்து வர்ற வெளிச்சத்தை அளக்கறேன். அளந்து முடிச்சப்புறம் அது எழுந்து உக்காந்து தாங்க்ஸ் சொன்னது இன்னிக்குத்தான்."

சுப்பையன் அவள் தட்டில் இரண்டு வடை வைத்தார். அன்று வெகு நேரம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றேழில் ஆஸ்பத்திரி மூலமாகக் கிரீன் கார்டு வந்தது. சுப்பையன் டிபெண்டன்ட் பதவியிலிருந்து விடுதலையானார். முறைப்படி பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். போர்டில் பெயரைத் தமிழ்க்காரர்களுக்குப் புரியும்படி எழுத்துக்கூட்டிப் போட்டார். ஷ்யாமளாவின் பெண் ஹம்சா டேகேருக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஷ்யாமளாவும் கார்டு கிடைத்ததும் அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்தாள். ஹம்சா தமிழில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நாகமணியை மட்டும் 'தாந்த்' என்று கூப்பிடுவாள், பிரெஞ்சில் அத்தை. எங்கே கற்றாள் என்று கேட்டால் நாகமணி மூச்சு விடமாட்டாள்.

ஆராய்ச்சியையும் அவள் விட்டுவிடவில்லை. படிகங்களின் அடுக்கை மாற்றி, படத்தைக் கூர்மையாக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினாள். அதைப் படிக்க சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூப்பிட்டார்கள். சுப்பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கும் பாதிதான் புரிந்தது. கை தட்டும்போது பக்கத்திலிருந்தவரிடம், "அவர் என் மனைவி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

இரண்டாயிரமாவது ஆண்டு வசந்தத்தில் காப்பெலிலேயே ஒரு வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சிய மறுநாள் சனிக்கிழமை. நல்ல மீன் வேண்டும் என்று இருவரும் கார்லண்டுக்குப் போனார்கள். அங்கே வியட்நாம்காரர்கள் நடத்தும் ஒரு மீன் கடை புதிதாகத் திறந்திருப்பதாகச் சாந்தி சொல்லியிருந்தாள். நாகமணிதான் ஓட்டினாள், வலது லேனிலேயே. சுப்பையன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கடையில் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வந்த வஞ்சிரம் பனிக்கட்டிமேல் நீளநீளமாகக் கிடந்தது. நாகமணி ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுப்பையனிடம் பிரெஞ்சில், "இது நேத்து மீன்" என்றாள். கல்லாவில் இருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை மதாம், இன்று காலை வந்தது" என்றார், சுத்தமான பிரெஞ்சில்.

அவர் சைகோன்காரர். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவராம். நாகமணி தன் அப்பா அந்த ஊரில் இருந்த தெருவின் பெயரைச் சொன்னாள். கிழவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தத் தெருக்கோடியில் ஒரு ரொட்டிக் கடை உண்டா, உண்டு. எதிரே புளியமரங்கள் உண்டா, உண்டு. கருப்பாக உயரமாக மீசை வைத்த சொல்தாக்கள் அங்கே வருவார்களே, ஒரு துண்டு ரொட்டியைக் குழந்தைகளுக்குப் பிய்த்துக் கொடுப்பார்களே என்றார் கிழவர். அதில் ஒருவர் அவள் அப்பாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருவருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் மதாம்?"

நாகமணி சொன்னாள். கருவிலிருந்து ஆரம்பித்து, படிகம், சர்க்கரை, கட்டி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெளிந்தார்கள். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே அடியிலிருந்து வேறொரு மீனை உருவி எடுத்தார். முதலில் பார்த்ததைவிட அது பளபளவென்றிருந்தது.

சுப்பையன் செவுளைத் தூக்கிப் பார்த்தார். செக்கச்செவேல் என்றிருந்தது. "தலையோட போடச் சொல்லு மணி, குழம்புக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இறால் பக்கம் நகர்ந்தார்.